முப்பது டிகிரி

அந்த வியாழக்கிழமை மழையில் காமு மாமி கடைக்கு வந்து நின்றபோதே முஹ்சினா அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டாள்.

அரக்கோணம் சாலையில் கணவன் கலீமின் டூவீலர் ஒர்க்‌ஷாப்பை ஒட்டினாற்போல் இருக்கும் பத்தடி அறைதான் அவளுடைய மீன் கடை. மூன்று சுவரிலும் இரும்புச் சட்டம் அடித்துக் கண்ணாடித் தொட்டிகளை அடுக்கியிருந்தாள். ஆறு வருடமாக நடத்துகிறாள். வாரம் ஒருமுறை சென்னையிலிருந்து பஸ்ஸில் தெர்மோகோல் பெட்டி வரும். அந்த வாரப் பெட்டி முந்தின நாள்தான் வந்திருந்தது. கடலில் புயல் சின்னம் என்று மூன்று நாளாக மழை விடவில்லை. தொட்டித் தண்ணீரெல்லாம் தொட்டால் சில்லென்றிருந்தது.

காமு மாமியின் வீடு சரவணப்பொய்கைக்குப் பின்தெருவில். அவள் கணவர் நாராயணசுவாமி மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமையல். ஒரே மகன் ஸ்ரீவிஷ்ணு. இருபத்தேழு வயது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவன், ஒருநாள் பெட்டியோடும் மீன் தொட்டியோடும் ஊருக்கு வந்து சேர்ந்தான். வந்து ஏழு மாதம் ஆகிறது. மாடியறையை விட்டு அவன் இறங்குவதேயில்லை. மீனுக்குத் தீனி வாங்க மாமிதான் வருவாள்.

"நாளைக்கு அவனுக்கு நட்சத்திரப் பொறந்தநாள்மா" என்றாள் மாமி, குடையை மடக்காமலே. "ஏதாவது வேணுமாடான்னு கேட்டா சுவத்தைப் பாக்கறான். நேத்திக்கு போன்ல நீலக்கோடு போட்ட ஒரு மீனை ரொம்ப நாழி பாத்துண்டிருந்தான். பின்னாடி நின்னு பாத்தேன். பொடிப்பொடியா, பளபளன்னு. உன்கிட்ட இருக்கோ?"

நியான் டெட்ரா. இருந்தது. முஹ்சினா ஆறு மீன்களை வலையில் அள்ளிக் கவரில் விட்டாள். டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, ஒன்றின் வாலில் உப்புக்கல் ஒட்டினதுபோல் ஒரு வெள்ளைப் புள்ளி. காற்றுக்குமிழியாக இருக்கும் என்று கவரை மெல்லத் தட்டினாள். குமிழிகள் எல்லாம் மேலே ஏறின. அது ஏறவில்லை. ஒரு மீனிலிருந்து தொட்டி முழுக்கப் பரவும் வெள்ளைப்புள்ளி நோய்.

ஒரு வாரம் கழித்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். மாமியின் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. கவரில் ஓடும் நீலக்கோடுகளைப் பார்த்து மாமி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து முஹ்சினா பார்த்ததில்லை.

முஹ்சினா ரப்பர் பேண்டைச் சுற்றினாள்.

"புது மீனை உடனே பெரிய தொட்டியில விட வேணாம்னு தம்பிகிட்ட சொல்லுங்க மாமி. கொஞ்ச நாள் தனியா வெக்கட்டும்."

"அவனுக்குத் தெரியாததா" என்று மாமி கவரைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமை அவள் மறுபடி வந்தாள். இந்த முறை குடைகூட இல்லை.

"மீனெல்லாம் தொட்டிக்குள்ள இருக்கற குழாய்ல போய் உடம்பைத் தேய்ச்சுக்கறதும்மா. மேல ரவையைத் தூவினாப்பல இருக்கு. அவன் நேத்திலேர்ந்து சாப்பிடலை. படுத்துண்டு அதையே பாத்துண்டிருக்கான். கேட்டா, விடும்மாங்கறான். நீ ஒரு நடை வந்து பாரேன்."

முஹ்சினா கடையின் மூலைத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு கடையில் அந்தத் தொட்டியிலிருந்த மற்ற நியான்களிலும் புள்ளி வந்து, அவற்றைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தாள். மாமி வீட்டுக்குப் போன ஆறையும் பற்றி நினைக்காமல் இருக்கத்தான் இத்தனை நாள் முயன்றாள்.

"தம்பிகிட்ட வேற இன்னா மீன் இருக்கு மாமி?"

"ஆரஞ்சு ஒடம்புல கறுப்புப் பட்டை போட்டது. அஞ்சு. நாலு வருஷமா வெச்சிருக்கான்."

கிளவுன் லோச். செதிலே இல்லாததுபோல் மெல்லிய தோல். மருந்து ஊற்றினால் நோய்க்கு முன்னால் மருந்தே கொன்றுவிடும். அதற்குத் தண்ணீரைச் சூடாக்குவதைத் தவிர வேறு நல்ல வழி முஹ்சினாவுக்குத் தெரியவில்லை. ஆனால் திருத்தணியில் யாரும் தொட்டிக்கு ஹீட்டர் வாங்குவதில்லை. சித்திரையில் டிவிக்காரர்கள் வெயில் கணக்குச் சொல்லும்போது முதலில் வரும் ஊர். ஆறு வருடத்தில் அவள் விற்ற ஹீட்டர் இரண்டே இரண்டு. மேல்தட்டில் தூசியோடு மிச்சமிருந்த ஒன்றைத் துடைத்து எடுத்துக்கொண்டாள். ஒரு தெர்மாமீட்டரும் காற்று மோட்டாரும் பையில் போட்டாள்.

"எங்க போற?" என்றான் கலீம், பைக் என்ஜினிலிருந்து தலையைத் தூக்கி.

"மாமி வீட்டு மீனுக்கு ஒடம்பு சரியில்ல. பார்த்துட்டு வந்துடறேன்."

மாடியறையில் ஜன்னலைச் சாத்தி, திரையும் போட்டிருந்தது. தொட்டி விளக்கு மட்டும் எரிந்தது. ஸ்ரீவிஷ்ணு கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்து கழுத்தெலும்பு தெரிந்தது. அவளைப் பார்த்து எழுந்திருக்க முயன்று, பாதியில் விட்டுவிட்டான்.

"எதுக்கு அக்கா வந்தீங்க? விட்டுடுங்க."

முஹ்சினா தொட்டிமுன் குந்தினாள். நான்கடித் தொட்டி. மூலையில் போட்டிருந்த பிவிசி குழாய்க்குள் லோச்சுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஐந்தின் உடம்பிலும் வெள்ளைப் புள்ளிகள். செவுள்கள் வேகவேகமாக அடித்துக்கொண்டன. நியான்களில் ஒன்று மேலே மிதந்தது.

"தண்ணி இருபத்திமூணுதான் இருக்கு" என்றாள் தெர்மாமீட்டரைப் பார்த்து. "முப்பதுக்குக் கொண்டுபோவணும். மெல்ல, காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு. நானே வந்து ஏத்திட்டுப் போறேன்."

"உடம்புல ஒட்டிண்டிருக்கறது சூட்டுல சாகாது."

"சாவாது. சீக்கிரம் பழுத்துக் கீழ உழுவும். உழுந்து குஞ்சு பொரிச்சு நீந்தும்பாரு, அப்பதான் சாவும்."

"தெரியும்" என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். சற்றுப் பொறுத்து, "புது மீன்லேர்ந்துதான் வந்திருக்கணும்" என்றான்.

முஹ்சினா பையிலிருந்து ஹீட்டரை எடுத்தாள். அதன் உறிஞ்சு ரப்பரைக் கண்ணாடியில் அழுத்தி ஒட்டினாள். சூடேறின தண்ணீரில் காற்று குறையும் என்பதால் இரண்டாவது மோட்டாரையும் ஓடவிட்டாள். இறந்த நியானை வலையில் எடுத்துக் கீழே கொண்டுபோகும்போது, மாமி படிக்கட்டடியில் நின்று அவள் கையைப் பார்த்தாள்.

"ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான் மாமி. இன்னும் ரெண்டொண்ணு போவும். பயப்படாதீங்க."

வியாழனும் வெள்ளியும் காலை ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை போனாள். ஒவ்வொரு முறையும் ஒரு டிகிரி. புள்ளிகள் குறையவில்லை, கூடின. அப்படித்தான் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், காலையில் அறைக்குள் நுழைந்ததும் முதலில் லோச்சுகளை எண்ணுவாள். விஷ்ணு அதிகம் பேசவில்லை. தட்டில் மாமி வைத்த இட்லி காய்ந்து கிடக்கும். அவன் அவளையும் பார்ப்பதில்லை, ஹீட்டரையும் பார்ப்பதில்லை. நோய்வந்த மீனை வைத்திருப்பவர்கள் நூறு கேள்வி கேட்பார்கள். இவன் ஒரு கேள்வியும் கேட்காதது அவளுக்கு உறுத்தியது. தன்மேல் கோபமாக இருக்கிறான், கேட்டால் சண்டையாகிவிடும் என்று பேசாமல் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து லோச்சில் சின்னது குழாயை விட்டு வெளியே வந்து பக்கவாட்டில் சாய்ந்தது. நான்கைந்து முறை வாயைத் திறந்தது. பிறகு இல்லை.

விஷ்ணு கட்டிலிலிருந்து இறங்கினான். சட்டைக்கையை மடிக்காமலே தண்ணீரில் கைவிட்டு அதை எடுத்தான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான். கையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

"இதுதான் அக்கா முதல்ல வாங்கினது. சென்னையில, வேலையில சேர்ந்த மாசம்."

முஹ்சினா வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோது கொடுக்கவில்லை. தானே கீழே போய், கொல்லையில் துளசிமாடத்துக்குத் தள்ளி மண்ணைக் கிளறிப் புதைத்தான். ஏழு மாதத்தில் அவன் கொல்லைக்கு இறங்கியது அன்றுதான் என்று மாமி கதவோரம் நின்று அவளிடம் கிசுகிசுத்தாள். சொல்லும்போது அழுதாள். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று இருவருக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை அவள் போனபோது அவனே தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"உங்க ஹீட்டர் பொய் சொல்றது அக்கா. இருபத்தெட்டுல வெச்சா முப்பத்தொண்ணு போறது. நான் ராத்திரி குறைச்சு வெச்சேன்."

அதற்காக அவள் மன்னிப்புக் கேட்டாள். அதற்கு மட்டும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கலீமிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கவரைத் தட்டிப் பார்த்தது, புள்ளி நகராதது, எல்லாம்.

"அப்ப போய் சொல்லிடு" என்றான் கலீம்.

"சொன்னா இன்னா நெனைப்பாங்க? அந்தப் பையன் இருக்கற இருப்புல..."

"சொல்லாம தெனம் ரெண்டு வாட்டி போய்கினு வந்துகினு இருக்கியே, அது மட்டும் எப்படி கீது உனக்கு? சோறே எறங்கல உனக்கு. நான் பார்த்துகினுதான் இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவது என்று போனாள். தண்ணீர் முப்பதில் நின்றது. மூன்று லோச்சின் முதுகில் புள்ளி பாதியாகக் குறைந்திருந்தது. விஷ்ணு அன்று அரைத் தட்டு தயிர்சாதம் சாப்பிட்டிருந்தான். மாமியின் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்தே காற்றும் மழையும். ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விட்டது. சித்தூர் சாலையில் மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது, சாயங்காலத்துக்குள் வராது என்று கலீம் யாரிடமோ கேட்டுச் சொன்னான். மீன் எடுத்துப்போக வைத்திருந்த பேட்டரி மோட்டாரைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு முஹ்சினா ஓடினாள்.

போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் இருபத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. நியான்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. பேட்டரி மோட்டாரைப் போட்டதும் கொஞ்சம் அடங்கின. விஷ்ணு தொட்டியைச் சுற்றிப் போர்வையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"சுடுதண்ணி பாட்டில்ல ஊத்தி மிதக்க விடணும்" என்றாள் முஹ்சினா. "மாமி, அடுப்புல தண்ணி வெக்கிறீங்களா?"

மாமி பதில் சொல்வதற்குள் கீழிருந்து நாராயணசுவாமியின் குரல் வந்தது. மழையால் மலைக்குப் பஸ் குறைவு; காலை முறை முடித்துப் படிவழியாக நனைந்துகொண்டே இறங்கி வந்திருந்தார். தலையைக்கூடத் துவட்டவில்லை.

"நான் வெக்கறேன். எவ்வளவு சூடு வேணும்?"

அவர் மகனோடு பேசி மாதக்கணக்காகிறது என்று மாமி முன்பே சொல்லியிருந்தாள். திட்டிப் பேசியதில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் விட்டது, அப்படியே நின்றுவிட்டது. இப்போது பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, பாட்டில்களில் ஊற்றி, ஈரத்துண்டால் பிடித்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்குமாக நடந்தார். அறுபது வயது. ஆறாவது நடையில் மூச்சு வாங்கியது. தொட்டியருகே நின்று ஒரு விரலை மட்டும் தண்ணீரில் விட்டார்.

"முப்பது வந்துடுத்து."

விஷ்ணு தெர்மாமீட்டரைப் பார்த்தான். "இருபத்தேழரைப்பா."

"நாப்பது வருஷமா கையை வெச்சு சாதம் பதம் பாக்கறேன்."

"சாதம் வேறப்பா" என்றான் விஷ்ணு. அவன் உதடு ஒருபக்கம் லேசாக இழுத்தது. சிரிப்பு என்று சொல்லமுடியாது. நாராயணசுவாமி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டிலுக்குப் போனார்.

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. ஹீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆறு நியானில் இரண்டுதான் மிச்சம். லோச்சுகள் நான்கும் இருந்தன. மாமியும் நாராயணசுவாமியும் சாப்பிடக் கீழே போனார்கள்.

முஹ்சினா தரையில் உட்கார்ந்திருந்தாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லப்போவதில்லை என்று தோன்றியது.

"தம்பி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு கவர்ல ஒரு மீனுக்கு வால்ல புள்ளி இருந்துது. நான் பார்த்தேன். பார்த்துட்டுதான் குடுத்தேன்."

அவன் தெர்மாமீட்டரிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"தெரியும் அக்கா. நானும் பார்த்தேன்."

"எப்ப?"

"கவரைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே. கீழ காலி வாளி இருந்துது. அதுல ரெண்டு வாரம் தனியா வெச்சிருக்கலாம். வெக்கலை. அப்படியே கொட்டினேன்."

முஹ்சினாவுக்கு முதலில் விளங்கவில்லை. "இன்னாத்துக்குப்பா?"

அவன் கண்ணாடியில் படிந்த ஈரத்தை ஒரு விரலால் துடைத்தான்.

"இதுங்க உசிரோட இருக்கற வரைக்கும் யாராவது தண்ணி மாத்தணும், தீனி போடணும். அம்மாவுக்கு அது வராது. அதனால நான் இருந்தாகணும். ஏழு மாசமா அதனாலதான் இருக்கேன். இதுங்களும் போயிட்டா நான் இருக்கணும்னு இல்லை. அதான் கொட்டினேன்."

சுற்றி வளைக்க அவளுக்குத் தெரியவில்லை.

"செத்துப்போவணும்னு நெனைக்கிறியா விஷ்ணு?"

அவன் ஆமென்று தலையசைத்தான். அதிர்ச்சியோ வெட்கமோ அவன் முகத்தில் இல்லை; யாராவது கேட்டால் போதும் என்று இருந்தவனைப்போல் இருந்தான்.

"ஆனா நீ காப்பாத்தறியே இதுங்கள. போர்வை கட்டினியே."

"அந்தச் சின்னது கண்ணு முன்னாடி போனதும் தாங்கலை. நான்தானே கொன்னேன். அதுக்காக இதுங்களைப் பாத்துக்கறேன். மத்தது ஒண்ணும் மாறலை அக்கா." பிறகு அவளை நேராகப் பார்த்தான். "அம்மாகிட்ட சொல்லாதீங்க. அப்பாகிட்ட சொல்லவே சொல்லாதீங்க. நீங்க உங்க தப்பைச் சொன்னீங்க, அதனால நானும் சொன்னேன். அவ்வளவுதான்."

"ஆங்" என்று முஹ்சினா ஒப்புக்கொண்டாள்.

அந்த ஒரு சொல்லோடு கீழே இறங்கினாள். மாமி கூடத்தில் காபி ஆற்றிக்கொண்டு, "இனிமே கவலையில்லையே?" என்று கேட்டாள். முஹ்சினா தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டினாள். தெருமுனைவரை நடந்தாள். சொன்னால் அவன் இனி யாரிடமும் வாயைத் திறக்கமாட்டான். சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்து, நாளைக் காலையில் வந்து அந்தப் படியில் ஏறும்போது மேலே என்ன இருக்குமோ என்று நினைத்தாள். அதற்குமேல் நினைக்க முடியவில்லை. திரும்பி அந்த வீட்டுக்கே நடந்தாள்.

பாதித் தெருவில் நாராயணசுவாமி எதிரே வந்தார். நான்கு மணி முறைக்கு மலைக்குப் போகக் குடையோடு பஸ்ஸுக்கு வந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா, மோட்டாரை விட்டுட்டியா?"

"சாமி, மலைக்குப் போவாதீங்க."

"ஏன், மறுபடி கரண்ட் போயிடுத்தா? காமு தண்ணி போட்டுக் குடுப்பா."

"மீனைப் பத்தி இல்ல சாமி." சாக்கடை பொங்கி ஓடும் அந்தத் தெருவில் நின்று, அவன் சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே சொன்னாள். வாளியில் வைக்காமல் கொட்டியதை, ஏன் என்பதை, தலையசைத்ததை. "யார்கிட்டயும் சொல்லாதன்னான். நான் சொல்றேன். இன்னிக்கு அவனைத் தனியா விடாதீங்க. நாளைக்கே மனசுக்குப் பார்க்கற டாக்டர்கிட்ட கூட்டிகினு போங்க. மூளை நரம்புன்னு பயந்துகினு இருக்காதீங்க. எங்க நாத்தனாரும் குழந்தை பொறந்தப்ப இப்படித்தான் இருந்தா. திருவள்ளூர்ல டாக்டரம்மா ஒருத்தங்க பார்த்தாங்க. நம்பர் தரேன்."

நாராயணசுவாமி குடையைச் சாய்த்துப் பிடித்திருந்தார். மழை அவர் தோளில் விழுந்தது. அவள் கொடுத்த எண்ணைத் தன் பட்டன் போனில் பதியத் தெரியாமல் தடுமாறினார். முஹ்சினாவே வாங்கிப் பதிந்தாள். பிறகு அவர் திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தார். வேகமாக நடக்க முயன்று, ஈரத்தில் வழுக்கி, ஒரு வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி நடந்தார்.

மறுநாள் காலை அவள் போனபோது காமு மாமி வாசற்படியை மறித்து நின்றாள். தூங்காத கண்கள்.

"ராத்திரி முழுக்க அவர் அவன் பக்கத்துலயே உக்காந்திருந்தார். பதினோரு மணிக்குக் கார் சொல்லியிருக்கு. திருவள்ளூர் போறோம்."

"நல்லது மாமி."

"நீ உள்ள வர வேண்டாம். அவன் உன்னைப் பாக்க மாட்டேங்கறான். சொல்லாதேன்னு சொன்னேன், சத்தியம் பண்ணாப்பல ஆங்னா, நேரா போய்ச் சொல்லிட்டாங்கறான்." மாமி நிறுத்தினாள். "புள்ளி இருந்தது உனக்குத் தெரியுமாமே. அதையும் சொன்னான்."

"தெரியும் மாமி."

"மழையில நின்னுண்டு அவ்வளவு ஆசையா கேட்டேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மாமிக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை. அந்தப் புள்ளி இல்லாமலிருந்தால் மகன் மனதில் இருந்தது யாருக்குத் தெரிந்திருக்கும் என்று மாமி இரவெல்லாம் யோசித்திருக்கவேண்டும். அந்த யோசனை அவளுக்கு ஆறுதலாக இல்லை, இன்னும் கோபமாகத்தான் இருந்தது என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"மீனுக்கு என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் மாமி எழுதிக்கொண்டாள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் பத்து நாள் முப்பதிலேயே வைக்கவேண்டும். புள்ளி போய்விட்டது என்று ஹீட்டரை நிறுத்தக்கூடாது. கண்ணுக்குத் தெரியாதது அடியில் மணலுக்குள் இருக்கும். தீனி குறைவாக. காற்று மோட்டார் நிற்கவே கூடாது. பிறகு நாளுக்கு ஒரு டிகிரியாக இறக்கவேண்டும். மாமி எழுதி முடித்து ஒருமுறை படித்துக் காட்டினாள். கதவைச் சாத்தும்போது, "வரேன்னு சொல்லாதே" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் வரவில்லை. முஹ்சினா இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. சாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கைவேலை நின்றுவிடும். பொய்கைப் பக்கமிருந்து வரும் வாடிக்கைக்காரர்களிடம், "உங்க தெருவுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பாள். சௌக்கியம் என்பார்கள். அதை எவ்வளவு நம்புவது என்று தெரியாது.

"நான் வேற மாதிரி பண்ணியிருக்கணுமா?" என்று ஒருநாள் கலீமைக் கேட்டாள்.

"எதை? வித்ததையா, சொன்னதையா?"

"ரெண்டையும்."

"வித்தது தப்பு" என்றான் கலீம், கையில் ஒட்டிய கிரீஸை மண்ணெண்ணெய் துணியால் துடைத்துக்கொண்டே. "சொன்னது... அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகி, உனக்கு முன்னாடியே தெரியும்னு நீ ஒக்காந்துகினு இருந்தா, அப்ப இன்னா பண்ணுவ? ஆனா அவன் உன்மேல கோபப்படறதும் நியாயந்தான். ரெண்டும் நியாயந்தான். இதுக்கு நான் இன்னா சொல்றது."

படித்திருவிழா வந்தது. டிசம்பர் கடைசி நாளில் பஜனைக் கோஷ்டிகள் ஒவ்வொரு படிக்கும் கற்பூரம் ஏற்றிக்கொண்டு மலையேறினார்கள். வருடம் தவறாமல் அன்று நாராயணசுவாமி மடைப்பள்ளியில் இருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த வருடம் அவர் விடுப்பு எடுத்துவிட்டார் என்று பூக்கடை மணியம்மை சொன்னாள். ஏன் என்று மணியம்மைக்குத் தெரியவில்லை. மகனைக் காவல்காக்கத்தான் என்றால் அவன் இருக்கிறான் என்று அர்த்தம் என முஹ்சினா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறு எதற்காகவாவது இருந்தால் என்று அடுத்த நிமிடமே நினைத்தாள்.

பொங்கல் முடிந்து நான்காம் நாள், சென்னை பஸ்ஸில் வரும் மீன் பெட்டியை எடுக்க அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தாள். திருவள்ளூர் பஸ் நிற்கும் இடத்தில் நாராயணசுவாமியும் விஷ்ணுவும் நின்றிருந்தார்கள். விஷ்ணு தாடியை எடுத்திருந்தான். முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையில் ஆஸ்பத்திரி ஃபைலோடு நின்றான். அவளைப் பார்த்ததும் நாராயணசுவாமி கும்பிடுவதா வேண்டாமா என்பதுபோல் கையைப் பாதி தூக்கினார். பிறகு, "தண்ணி பாட்டில் வாங்கிண்டு வரேன்" என்று மகனிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

முஹ்சினா அப்படியே நின்றாள். அவளாகக் கிட்டே போகவில்லை. அவன்தான் பேசினான்.

"நாலும் இருக்கு."

"நியான்?"

"ரெண்டும் இருக்கு." ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. அது போகும்வரை காத்திருந்தான். "எனக்கு உங்க மேல கோபம் போகலை அக்கா."

"போவ வேணாம்."

"நீங்க நல்லதுதான் பண்ணீங்கன்னு எல்லாரும் சொல்றா. டாக்டரும் அதையேதான் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணலை. அப்பா என்னை ஒரு நிமிஷம் விடறதில்லை. பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழட்டிட்டார். மாத்திரை போட்டா காலையில பத்து மணிவரை எழுந்துக்க முடியலை." குரல் உயராமல், ஆனால் அடக்கிய கோபத்தோடு சொன்னான். "உங்களை நம்பித்தான் சொன்னேன்."

"தெரியும்பா."

"மறுபடி அப்படி ஒருத்தர் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

முஹ்சினா யோசித்தாள்.

"சொல்லுவேன்" என்றாள்.

அவன் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வந்து நின்ற பஸ்ஸை நோக்கி நடந்தான். நாராயணசுவாமி தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்து, அவன் தோளைத் தொடாமல், ஆனால் தொடும் தூரத்திலேயே பின்னால் ஏறினார். ஜன்னலோர சீட்டில் விஷ்ணு உட்கார்ந்தான். அவள் பக்கம் திரும்பவில்லை. முன் சீட்டுக் கம்பியில் கை வைத்து, டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடம் தானே இரண்டு விரலைக் காட்டினான்.

பஸ் வெளியேறிய பிறகும் முஹ்சினா அங்கேயே நின்றாள். சென்னை பஸ் அவளுக்குப் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. டிரைவர் பெட்டியை இறக்கி வைத்து இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.